மலைநாட்டுத் தோட்டமொன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி

இங்கிலாந்தின் கிராமப்புறப் பெருவீடு ஒன்றின் வரலாற்றை எழுத முனைபவருக்குத் தேவையானவை பெரும்பாலும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டில் இருந்திருக்கும். சொத்து மூத்த மகனுக்கே என்ற வழக்கத்தால் நிலமும் சிதறாமல் நின்றிருக்கும். காணி உறுதிப் பத்திரங்களும் குத்தகைக் கணக்குகளும் வீட்டுப் பெட்டகத்திலோ மாவட்டச் சுவடிக்கூடத்திலோ இருக்கும். குடும்பத்தாரின் கல்லறைகள் ஊர்த் தேவாலயத்திலேயே இருக்கும். இலங்கை மலைநாட்டுத் தோட்டம் ஒன்றுக்கு இதே முறையைக் கையாண்டால் வேலை தொடங்கிய வேகத்திலேயே நின்றுவிடும். இங்கே முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கோப்பி வீழ்ந்தபோது ஒருவர் போனார், தேயிலை வந்தபோது இன்னொருவர் வந்தார், பிறகு கம்பனி, அதன் பிறகு அரசு, அதற்கும் பிறகு மீண்டும் கம்பனி. அதே நிலத்தில் நான்கைந்து தலைமுறை நிலைத்திருந்தவை லயங்கள் எனப்படும் தொடர் வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள்தாம். அங்கே குடும்பம் நிலைக்க வேலையாட்கள் மாறினார்கள். இங்கே நடந்தது அதற்கு நேர் எதிரானது. தோட்ட வரலாறு எழுதப் புகுபவர் முதலில் மனதில் இருத்த வேண்டியது இதைத்தான், ஏனெனில் எந்தக் கடதாசியை எங்கே தேடுவது என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் தாம் பிறந்த தோட்டத்தைப் பற்றி எழுத விரும்பும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் மனதிற் கொண்டே இங்கு எழுதுகிறேன். முதலில் நிலம், அடுத்து உரிமையாளர், பிறகு கட்டடங்கள், இறுதியாக மக்கள் என்ற வரிசையில் வேலையைக் கொண்டு செல்வது வசதியானது. ஆயினும் தோட்டத்து முதியவர்களைச் சந்திப்பதை இந்த வரிசைக்குள் வைக்காதீர்கள். சுவடிக்கூடத்துக் கோப்பு அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். எண்பத்தைந்து வயதுப் பாட்டியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பெயரை விட்டு நிலத்தைப் பிடியுங்கள்

தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு குடும்பத்தைத் தேடப் போவது பலரும் எடுக்கும் முதல் அடி. அது பெரும்பாலும் தவறான திசையில் கொண்டு சேர்க்கும். நானுஓயாப் பக்கத்து அபட்ஸ்ஃபோர்ட் என்பது ஸ்கொட்லாந்தில் எழுத்தாளர் வோல்டர் ஸ்கொட் கட்டிய மாளிகையின் பெயர். தலவாக்கலையின் ஹோலிரூட் எடின்பரோ நகரத்து அரண்மனையின் பெயர். டன்சினன் ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வரும் குன்று. பெயர் வைத்த துரை எந்த நாட்டு நினைவோடு இருந்தார் என்பதற்கு மேல் இந்தப் பெயர்கள் எதையும் உறுதிப்படுத்துவதில்லை.

பெயர்கள் எதிர்த்திசையிலும் பயணம் செய்திருக்கின்றன. இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் வழியாக 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களோடு பெயர் பிணைந்த சார்ள்ஸ் ஹே கமரன் மலைநாட்டில் கோப்பி நிலங்களை வாங்கினார். அவருடைய மனைவி, புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன். இங்கிலாந்தின் வைட் தீவில் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு டிம்போலா என்று பெயரிட்டார்கள். நம்முடைய மலைநாட்டு டிம்புள்ளைதான் அங்கே அப்படிப் பெயர்ப்பலகை ஏறியது. 1875இல் இருவரும் இலங்கைக்கே குடிபெயர்ந்தார்கள். ஜூலியா 1879இலும் கணவர் 1880இலும் காலமாகி, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுபவருக்குப் பொகவந்தலாவைக் கல்லறையும் வேண்டும், வைட் தீவின் ஆவணங்களும் வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது அரைகுறையாகவே நிற்கும்.

ஹப்புத்தளையின் அடிஷாம் பங்களா வேறொரு வகையில் ஏமாற்றக்கூடியது. கருங்கல் சுவர்களும் உயர்ந்த புகைபோக்கிகளுமாக அதைப் பார்க்கும் எவரும் பழைய ஆங்கிலப் பிரபுக் குடும்பம் ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் அங்கே வாழ்ந்ததென்றே நினைப்பார்கள். அதைக் கட்டிய தோமஸ் வில்லியர்ஸ் பிரபுக்களின் வழிவந்தவர் என்பது உண்மையே. ஆனால் அவர் இளைஞராக வந்து தோட்டத்தில் வேலை பழகி, பின்னர் உரிமையாளர் சார்பில் தோட்டங்களைக் கவனிக்கும் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் என்ற கொழும்பு ஏஜன்சி நிறுவனத்தின் தலைவரானவர். தாம் பிறந்த கென்ட் மாவட்டக் கிராமத்தின் பெயரை வைத்து 1931இல் அந்த வீட்டைக் கட்டினார். இன்று அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். பார்வைக்குப் பழமையானதாகத் தோன்றும் வீடு உண்மையில் ஒரே ஒரு தலைமுறையின் ஆசையாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று மலைநாட்டில் இல்லை.

எனவே நிலத்திலிருந்து தொடங்குங்கள். தோட்ட அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் வரைபடமே முதல் ஆவணம். துணியில் ஒட்டிய பழைய தாளில் மலை என்று அழைக்கப்படும் ஒவ்வொரு தேயிலை நிலப்பகுதிக்கும் இலக்கமும், ஏக்கர், ரூட், பேர்ச்சஸ் என்ற மூன்று அளவுகளும் எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் கன்று நட்ட வருடமும் இருக்கும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலிக்காதபடி பக்கவாட்டில் நின்று, நான்கு மூலைகளையும் நடுப்பகுதியையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நில அளவையாளர் பெயரையும் வருடத்தையும் வரைபட இலக்கத்தையும் தவறவிடக்கூடாது. நில அளவைத் திணைக்களத்தில் மூல வரைபடத்தைக் கேட்பதற்கு அந்த இலக்கமே சாவி.

மலைகளின் இலக்கம் எளிதில் மாறுவதில்லை. தேயிலை முன்னோடி ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம் இன்றும் 7ஆம் இலக்க மலை என்றே அறியப்படுகிறது. டிவிசன்களின் பெயர்களும் அவ்வாறே பழையவை. இன்று ஒரே தோட்டமாக இருப்பது பெரும்பாலும் பல சிறிய கோப்பித் தோட்டங்களை ஒன்றுசேர்த்து உருவானது. முன்பு தனியாக இருந்த தோட்டத்தின் பெயர் இப்போது டிவிசனின் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே டிவிசன் ஒவ்வொன்றையும் தனித்தோட்டமாகக் கருதித் தேடுங்கள். மக்கள் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர், உறுதியில் உள்ள சிங்களக் காணிப் பெயர், பலகையில் உள்ள ஆங்கிலப் பெயர் ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

உரிமையாளர் சங்கிலி

உரிமை எந்தெந்தக் காலத்தில் கைமாறியிருக்கும் என்பதைப் பொது வரலாறே ஓரளவு சொல்லிவிடும். கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் வசமானது. 1820களின் நடுவில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை எனக் கருத வழிசெய்தது. அந்த நிலங்கள் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன, அரச அதிகாரிகளே பலர் வாங்கினார்கள். உங்கள் தோட்டத்தின் கதையில் முதல் பக்கம் துரையின் கோடரியில் தொடங்குவதில்லை. அதற்கு முன் அந்தக் காட்டையும் சேனைப் பயிர்நிலத்தையும் மேய்ச்சல் தரையையும் பயன்படுத்திய கண்டியச் சிங்களக் கிராமத்தவர்கள் இருந்தார்கள். பக்கத்துக் கிராமத்தின் பெயரையும் அதன் எல்லையையும் குறிக்காத தோட்ட வரலாற்றை நான் முழுமையானதாக ஏற்கமாட்டேன்.

1840களின் இறுதியில் கோப்பி விலை சரிந்தபோது பல தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குக் கைமாறின. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்தத் தொழிலையே முடித்துவைத்தது; தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. அதன் பிறகு தேயிலைக்காகப் பெருமுதல் தேவைப்பட்டதால் தனியாரிடமிருந்த தோட்டங்கள் கம்பனிகளிடம் போயின. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் கையிலிருந்த நிலத்துக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992 முதல் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. இந்த ஐந்தாறு திருப்பங்களை ஒட்டிய வருடங்களை முதலில் தேடுங்கள். வெறுமனே 1850 முதல் ஒவ்வொரு வருடமாகப் புரட்டுவது வீண் வேலை.

காணிப் பதிவகத்தில் பின்னோக்கிப் போவதே முறை. கிடைக்கும் மிகப் பிந்திய உறுதியின் பதிவேட்டுத் தொகுதி இலக்கத்தையும் பக்க இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனால், அந்தப் பக்கத்திலேயே இதற்கு முந்திய பதிவு எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற குறிப்பு இருக்கும். அதைப் பிடித்து அதற்கு முந்தியது, பிறகு அதற்கும் முந்தியது என்று இறங்கிக்கொண்டே போகலாம். ஈடு வைத்த பதிவுகளைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். பெயரளவில் துரை ஒருவருடையதாக இருந்த தோட்டம் உண்மையில் வங்கியின் அல்லது ஏஜன்சியின் பிடியில் இருந்ததை அந்த ஈட்டுப் பதிவுகளே காட்டிக்கொடுக்கும்.

பதிவகத்துக்குத் துணையாக ஃபெர்குசன் டைரக்டரியின் பழைய பதிப்புகளைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வெளிவந்த இந்தத் தொகுப்பில் மாவட்டவாரியாகத் தோட்டத்தின் பெயர், பரப்பளவு, உரிமையாளர், முகாமையாளர் ஆகிய விபரங்கள் உண்டு. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இவற்றைப் பார்க்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு பதிப்பு எடுத்து அட்டவணை போட்டாலே போதும். எந்த இடைவெளியில் பெயர் மாறுகிறதோ அங்கு மட்டும் வருடவாரியாக இறங்குங்கள். பயிர் மாறுவதும் இதிலேயே தெரியும்: கோப்பி ஏக்கர் குறையும், சில வருடங்களுக்குச் சிங்கோனா தலைகாட்டும், பிறகு தேயிலை ஏறும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. துரை வேறு, முதலாளி வேறு, ஏஜன்சி வேறு. பல தோட்ட அலுவலகங்களில் பெரிய துரைமாரின் பெயர்களும் பதவிக் காலங்களும் எழுதிய பலகை உண்டு. அதைப் பார்த்து அத்தனை பேரும் தோட்டத்தின் சொந்தக்காரர்கள் என்று எழுதிவிடுகிறார்கள். இலங்கைத் தேயிலையின் முன்னோடி என்று உலகம் அறிந்த ஜேம்ஸ் டெயிலர்கூட லூல்கந்துரயின் சொந்தக்காரர் அல்லர். 1852இல் வந்தது முதல் சம்பளத்துக்கு வேலை செய்தவர், 1892இல் அந்த வேலையையும் இழந்து அதே வருடம் அதே தோட்டத்தில் இறந்தார். அவர் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. உரிமையாளர் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் அவர் பெயரே அகப்பட்டிருக்காது.

உரிமையாளர் குடும்பத்தைக் கடல் கடந்து பின்தொடர வேண்டியிருந்தால் மூன்று இடங்கள் போதுமானவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1858 முதல் மரண சாசனங்கள் ஒரே நாடளாவிய பட்டியலில் பதிவாகியுள்ளன. இலங்கையில் இறந்தவரும் அங்கே சொத்து வைத்திருந்தால் அதில் இடம்பெறுவார். இலண்டனில் பதிவான ஸ்டேர்லிங் கம்பனிகளில் கலைக்கப்பட்டவற்றின் கோப்புகள் இலண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரித்தானிய தேசிய சுவடிக்கூடத்தில் உண்டு, பங்குதாரர் பட்டியலும் அவற்றில் இருக்கும். குடும்பக் கடிதங்களுக்கு அவர்களின் சொந்த மாவட்டச் சுவடிக்கூடத்தின் இணையப் பட்டியலில் குடும்பப் பெயரோடு சிலோன் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். பங்குதாரர் பட்டியலைப் பார்த்தால், தோட்டத்தைக் கண்ணாலும் கண்டிராத பாதிரியார்களும் விதவைகளும் ஓய்வுபெற்ற படை அதிகாரிகளும் அதன் சொந்தக்காரர்களாக இருந்திருப்பதைக் காணலாம்.

துரைமாரின் கல்லறைகளுக்கு ஜே. பி. லூயிஸ் தொகுத்து 1913இல் வெளிவந்த இலங்கைக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியல் உதவும். இன்று எழுத்து அழிந்துபோன கற்களும் அதில் முழுமையாக இருக்கக்கூடும். கல்லை நேரில் வாசிப்பதானால் காலை வெயில் சரிந்து விழும் நேரத்தில் போங்கள், அல்லது டோர்ச் லைட்டைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழும்பும். கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டுவதும், எழுத்தில் சோக்குத் தடவுவதும் கல்லைக் கெடுக்கும்.

பங்களாவும் ஸ்டோரும்

கட்டடங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, ஆனால் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். பங்களா ஒரே காலத்தில் கட்டப்பட்டது அரிது. நடுவில் தடித்த சுவருடைய பழைய பகுதியும், இரண்டு பக்கமும் பிற்காலத்து அறைகளும் இருப்பது வழக்கம். சுவரின் கனத்தை ஒவ்வொரு வாசலிலும் அளந்து எழுதினால் எது முந்தியது என்று பிடிபடும். சமையற்கட்டிலிருந்து சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியும், சமையற்கார அப்புவும் ஆயாவும் தங்கிய பின்கட்டும் வரைபடத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும். விருந்தினர் கூடத்தை மட்டும் படம் எடுத்துப் போடும் பங்களா வரலாறுகள் உல்லாச விடுதிகளின் விளம்பரத்துக்கே பயன்படும்.

ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் முகப்பில் வருடம் பொறித்திருந்தால் அது கட்டடத்தின் வருடமே தவிரத் தோட்டத்தின் வருடம் அல்ல. உள்ளே இருக்கும் இயந்திரங்களின் வார்ப்புத் தகடுகளை வாசியுங்கள். கெய்ன்ஸ்பரோ மார்ஷல், பெல்ஃபாஸ்ட் சிரோக்கோ, கொழும்பு வோக்கர்ஸ், கொழும்பு கொமர்ஷல் கம்பனி ஆகிய பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தால் தொடர் இலக்கமும் தெரியக்கூடும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் இட்ட கல்லோ சூலமோ இருந்தால் அது ஸ்டோரின் காவல் தெய்வமான ரோதைமுனி. அதற்கு யார் பூசை போடுகிறார்கள், எப்போதிருந்து என்று கேட்டால் ஸ்டோரில் பரம்பரையாக வேலை செய்த குடும்பம் தெரியவரும். கோப்பிக் காலத்தின் அடையாளங்களை ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் தேடுங்கள்: கோப்பிப் பழம் ஊறவைத்த சிமெந்துத் தொட்டி, நீர்க்கால், பள்ளத்தில் தன்பாட்டில் முளைத்து நிற்கும் கோப்பிச் செடி.

லயத்தின் ஆவணங்கள்

தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிக் கடதாசி எதுவும் இல்லை என்று சொல்லப்படுவதை நம்பாதீர்கள். கடதாசி நிறைய இருக்கிறது. அது அவர்கள் பெயரில் இல்லை, அவ்வளவுதான். மற்றவர் தம் தேவைக்காக எழுதிய கணக்குகளுக்குள் அவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்குகளை அவை எழுதப்பட்ட நோக்கத்துக்கு மாறாக வாசிக்கப் பழகுவதே இந்த வேலையின் பெரும்பகுதி.

செக்ரோல் என்பது சம்பளக் கணக்கு. ஆனால் பழைய செக்ரோலில் பெயர்கள் கங்காணிவாரியாக வரும்: முதலில் கங்காணி, பிறகு அவருடைய ஆட்கள். பெரிய கங்காணியும் சில்லறைக் கங்காணிகளும் பெரும்பாலும் தம் ஊரிலிருந்தும் உறவுக்குள்ளும் ஆள் சேர்த்தவர்கள். ஆகவே ஒரு கங்காணியின் பட்டியலில் இருக்கும் குடும்பங்கள் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை என எங்கோ ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவருக்கு ஊர் பெயர் நினைவிருந்தால் அதே பட்டியலிலுள்ள மற்றவர்களுக்கும் அது வழிகாட்டும். ஒரே ஆளின் பெயர் இராமசாமி, ராம்சாமி, ராமுசாமி எனக் கணக்கப்பிள்ளையின் கைக்கேற்ப மாறும். இலக்கத்தையும் தந்தை பெயரையும் சேர்த்தே ஆளை அடையாளம் காணுங்கள். பெண்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதுவது நல்லது. கொழுந்து எடுத்து இந்தத் தொழிலைத் தாங்கியவர்கள் அவர்கள். குடும்ப மரம் வரையும்போது முதலில் விடுபடுபவர்களும் அவர்களே.

வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கப்பட்ட பற்றுச்சீட்டும், கங்காணி முன்பணக் கடனைக் காட்டிய துண்டும் சில வீடுகளில் இன்னும் உண்டு. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்பதால், துண்டு கிடைத்தால் அது அதற்கு முந்தியது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1901–1902 அளவில், இந்தியாவிலிருந்து வருபவர் கழுத்தில் தகரத்துண்டு கட்டி அனுப்பும் முறை வந்தது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். அப்படியொரு தகரம் எந்தப் பெட்டியிலாவது கிடைத்தால் துடைத்து மெருகேற்றாமல் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு வீட்டாரிடமே திருப்பிக் கொடுங்கள்.

தோட்டத்தில் நிகழும் பிறப்பு இறப்புகளைத் துரை அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் தனி ஏற்பாடு இருந்ததால், பதிவாளரிடமுள்ள ஏடுகளில் தோட்டத்தின் பெயரைக் கொண்டே பல பிறப்புகளைக் கண்டுபிடிக்கலாம். இதைவிட வளமானவை பிரசாவுரிமைக் கடதாசிகள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பிரசாவுரிமை இல்லாமல் ஆக்கப்பட்ட மக்கள், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது; திருமணமானவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். அதற்காக அவர்கள் திரட்டிய தோட்டச் சான்றுகளும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல்களும், அவர்களை வெளியே நிறுத்தக் கேட்கப்பட்டவை, இன்று அவர்களுடைய குடும்ப வரலாற்றின் மிக நம்பகமான ஏடுகளாகிவிட்டன. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். அண்ணன் இங்கே, தம்பி நீலகிரியில் என்று பிரிந்த குடும்பங்களில் பாதிக் கடதாசி கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும். வட்ஸ்அப் வழியாகப் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தயங்காமல் அனுப்புவார்கள்.

கோயிலை மறக்க வேண்டாம். மணியிலும் குத்துவிளக்கிலும் பித்தளைக் குடத்திலும் உபயகாரர் பெயரும் வருடமும் வெட்டப்பட்டிருக்கும். பெரிய கங்காணியின் பெயர் மணியில் இருக்கும். அவருடைய பேரன் பெயர் டியூப் லைட்டில், வெளிச்சத்தையே பாதி மறைத்துக்கொண்டு இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதியவர்களிடம் கேட்கும் முறை

எந்த வருடம் என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் நம்ப முடியாது. நிகழ்ச்சியைக் கொண்டு கேட்க வேண்டும். முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்ட 1940ஆம் ஆண்டுப் போராட்டத்தைப் பற்றி அப்பாவோ தாத்தாவோ பேசியதுண்டா, பஞ்சம் வந்த 1973–74இல் வீட்டில் என்ன சமைத்தீர்கள், தோட்டம் அரசாங்கத்திடம் போனபோது பெரிய துரை யார், இனக்கலவரம் நடந்த 1977இலும் 1983இலும் எங்கே ஒளிந்திருந்தீர்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பிராவில் அப்போது யார் ஆயா என்று கேட்டால், பிறந்த பிள்ளையின் வயதோடு சேர்த்து விடை வரும். கேள்விக் கொத்தோடு போய் உட்காராதீர்கள். மலையில் கூட நடந்துகொண்டே கேட்பது மேல். ஒரு வளைவு வந்ததும் அங்கே நடந்த கதை தானாக வெளிவரும்.

வந்த வழியைப் பற்றிய கதைகளைச் சோதித்துப் பார்க்க முடியும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ரயிலும் இணைந்த சேவை 1914இல் தொடங்கியது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்த கதை அதற்கு முந்திய தலைமுறையுடையது. மண்டபம் முகாமில் அடைத்து வைத்து ஊசி போட்ட கதை பிந்தியது. ஒரே பாட்டி இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இருவருடைய கதை கலந்திருக்கிறது என்று கொள்ளுங்கள், பொய் என்று தள்ளிவிட வேண்டாம்.

சாதி பற்றிய குறிப்பு சில பழைய பதிவேடுகளில் இருக்கும். அந்தக் குடும்பத்தாரின் சம்மதமின்றி அதை அச்சில் ஏற்றாதீர்கள். ஓடிப்போன கல்யாணம், பொலிஸ் வழக்கு, துரை வீட்டாரோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் பிள்ளைகள் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். உயிரோடு இருப்பவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால் எழுதாமல் விடுவதே முறை.

எழுதுவதும் வைப்பதும்

எழுதும்போது துரைமாரின் வரிசையை அத்தியாயப் பிரிப்பாக வைக்காதீர்கள். நிலத்தையே வைத்துப் பிரியுங்கள்: காடும் கிராமமும், கோப்பி, தேயிலை, கம்பனி, அரசு, இன்றைய நிலை. ஒவ்வொரு காலத்திலும் பங்களாவில் யார், லயத்தில் யார், கிராமத்தில் யார் என்ற மூன்றையும் அருகருகே சொல்லிப் போனால் வரலாறு தானாகச் சமநிலைக்கு வரும். ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே ஓரத்தில் அது உறுதியிலிருந்தா, டைரக்டரியிலிருந்தா, யாருடைய வாய்மொழியிலிருந்தா வந்தது என்று உங்கள் கையெழுத்துப் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்; நீங்கள் எதை ஏற்கிறீர்கள், ஏன் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

மலைநாட்டின் ஈரத்தில் கடதாசி நீண்ட காலம் தாங்காது. கிடைத்த ஆவணத்தை அன்றைக்கே படம் எடுங்கள், லெமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். வீட்டார் தந்த ஒளிப்படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மட்டும் பெயர் எழுதுங்கள். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறிவரும். முடிந்த பிரதியில் ஒன்றைத் தோட்டப் பாடசாலைக்கும், ஒன்றைக் கோயில் சபைக்கும், ஒன்றைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கும் கொடுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு மின்பிரதி அனுப்புங்கள். அச்சிடும்போது பக்க ஓரத்தை அகலமாக விடச் சொல்லுங்கள், ஏனெனில் புத்தகம் லயத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் எங்கள் தாத்தா பெயர் விட்டுப்போயிற்று, அந்தக் கங்காணி மேல்கணக்கு டிவிசனில் அல்ல கீழ்கணக்கு டிவிசனில் இருந்தவர் என்று திருத்தங்கள் வரத் தொடங்கும். சொன்னவர் பெயரோடும் திகதியோடும் அவற்றை அந்த ஓரத்திலேயே எழுதி, இரண்டாம் பதிப்புக்கு எடுத்து வையுங்கள்.